எச்சமாய் நிற்கும் இறந்தகாலம்: மணிமேகலையில் காலப்பயணமும் மாற்ற முயல்வதன் விளைவும்

ஆய்வுச் சுருக்கம்

நடந்ததை அறிந்த ஒருவர் அதனை மாற்றவோ அதன் விளைவிலிருந்து தப்பவோ முயன்றால் என்ன நேரும் என்னும் வினா, காலப்பயணக் கதைகளின் அடிப்படை வினாவாகும். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை இவ்வினாவைப் பழம்பிறப்புணர்தல் என்னும் கதைக்கூற்றின்வழி எதிர்கொள்கிறது. உதயகுமரன் கொலை, புண்ணியராசன் தன் பழவுடலைக் காணுதல், இடவயத்தின் அழிவு ஆகிய மூன்று நிகழ்ச்சிகளை முன்வைத்து, காப்பியம் இறந்தகாலத்தை முடிந்துபோன ஒன்றாகக் கருதவில்லை என்பதையும், முழு ஊழ்க்கோட்பாட்டை அது ஏற்கவில்லை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. இப்பின்னணியில் புதுச்சேரியில் பாரதிதாசன் 1962இல் வெளியிட்ட மீட்டுருவாக்கங்களின் இடமும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மணிமேகலை, பழம்பிறப்பு, வினை, ஊழ், காலப்பயணம், பாரதிதாசன்

1. சிக்கலும் அதன் எல்லையும்

பொறியின் துணையால் காலத்தைக் கடக்கும் கதைகளுக்கு எச்.ஜி. வெல்ஸ் 1895இல் வெளியிட்ட 'கால இயந்திரம்' முன்னோடியாகச் சுட்டப்படுகிறது. ஆயினும் அதன் நாயகன் செல்வது எதிர்காலத்துக்கே. கடந்த காலத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்னும் அச்சம் சற்றுப் பிற்பட்டது. பிரெஞ்சு எழுத்தாளர் ரெனே பார்ழவெல் 1940களில் எழுதிய புதினம் ஒன்றில், இளம் நெப்போலியனைக் கொல்லச் செல்பவன் குறுக்கே வந்த தன் மூதாதையைக் கொன்றுவிடுகிறான். மூதாதை இறந்தால் கொன்றவன் பிறந்திருக்க முடியாது. பிறவாதவன் கொன்றிருக்கவும் முடியாது. இம்முடிச்சே இன்று 'பாட்டன் முரண்' எனப்படுகிறது. ரே பிராட்பரி 1952இல் எழுதிய சிறுகதையில் பழங்காலத்தில் மிதிபட்ட ஒரு வண்ணத்துப்பூச்சி நிகழ்காலத்தையே வேறாக்கிவிடுகிறது. இரண்டிலும் ஒரு பொதுக்கூறு உண்டு. மாற்ற நினைத்தது ஒன்று, மாறியது மற்றொன்று.

தமிழில் இக்கூற்றைப் பரவலாக அறிமுகப்படுத்தியது திரைப்படமே. ஆர். ரவிக்குமார் இயக்கிய 'இன்று நேற்று நாளை' (2015) எதிர்காலத்திலிருந்து வந்த ஒரு பொறியைப் பிழைப்பு தேடும் இரு நண்பர்களிடம் ஒப்படைக்கிறது. காணாமற்போன பொருள்களைக் கண்டு சொல்லும் தொழிலுக்கு அவர்கள் அதனைப் பயன்படுத்துகின்றனர். அவ்வாறு சென்று வருகையில், காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையாக வேண்டிய ஒரு ரவுடி அவர்களால் தற்செயலாகப் பிழைத்துவிடுகிறான். பின்னர் அவன் அவர்களையே சூழும் ஆபத்தாகிறான். ஸ்ரீ கார்த்திக் இயக்கிய 'கணம்' (2022) விபத்தில் இறந்த தாயைக் காக்க 1998ஆம் ஆண்டுக்குத் திரும்பும் மகனைக் காட்டுகிறது. நாளும் இடமும் அறிந்திருந்தும் தாயின் மரணத்தை அவனால் விலக்க இயலவில்லை. முதற்படத்தில் இறந்தகாலம் எளிதில் மாறுகிறது. இரண்டாவதில் மாற மறுக்கிறது.

இத்திரைக்கதைகளுக்கு மேலை மூலங்களைத் தேடுவது இயல்பே. எனினும், தமிழ்க் காப்பிய மரபில் இதே சிக்கல் வேறு வடிவில் விரிவாகப் பேசப்பட்டுள்ளமை கவனம் பெறவில்லை. பண்டைத் தமிழரிடம் கால இயந்திரம் இருந்தது என நிறுவும் முயற்சி இதுவன்று. அத்தகைய முயற்சிகளால் இலக்கிய ஆய்வுக்கு ஆவது ஒன்றுமில்லை. நிகழ்காலத்தில் வாழும் ஒருவர் தம் கடந்தகாலச் செயலின் முன் நேரே கொண்டுவந்து நிறுத்தப்படுதல் என்னும் வரையறுத்த பொருளிலேயே 'காலப்பயணம்' என்னும் சொல் இங்கு ஆளப்படுகிறது. அவ்வாறு கொண்டால், உ.வே. சாமிநாதையர் 1898இல், வெல்ஸின் புதினம் வெளிவந்த மூன்றே ஆண்டுகளில், அச்சேற்றிய மணிமேகலையே தமிழில் இதற்கு முதன்மைச் சான்றாக அமையும்.

2. வினை என்னும் சொல்

காலத்தைப் பற்றிய தமிழ்ச் சிந்தனைக்கு இலக்கணமே ஒரு வாயில். தொல்காப்பியர் வினையை வேற்றுமை ஏலாதது எனவும் காலத்தோடு தோன்றுவது எனவும் கொள்கிறார். செய்கைக்கும், அச்செய்கையைக் குறிக்கும் சொல்வகைக்கும், செய்கையின் விடாத பயனுக்கும் தமிழ் வினை என்னும் ஒரே சொல்லை வழங்குகிறது. இறந்தகாலம் காட்டும் சொற்கள் எல்லாம் முடிந்த சொற்கள் அல்ல என்பது இங்கு நோக்கத்தக்கது. 'உண்டான்' என்பது முற்று. 'உண்டு' என்பதும் இறந்தகாலமே காட்டுகிறது. ஆனால் பொருள் முடியவில்லை. உண்டு வந்தானா, உண்டு உறங்கினானா என்பது பின்வரும் சொல்லைப் பொறுத்தது. உண்ட செயல் இனி மாறாது. அது எதில் சென்று முடியும் என்பது மட்டும் திறந்து கிடக்கிறது. இலக்கணிகள் இதற்கு வினையெச்சம் எனப் பெயரிட்டனர்.

சொல்லளவில் காலம் பிறழ்வதையும் இலக்கணம் ஏற்கிறது. விரைவு, மிகுதி, தெளிவு முதலிய காரணங்களால் முக்காலமும் மயங்கலாம் என்பது நன்னூலார் கருத்து. இன்னும் வீட்டை விட்டுப் புறப்படாதவன் அழைப்பவரிடம் 'வந்துவிட்டேன்' என்பது இன்றும் கேட்கக்கூடியதே. இதுவும் ஒருவகையில் காலம் கடத்தல்தான். ஆனால் பேச்சில் மட்டும்.

முற்று, எச்சம் என்னும் இவ்வேறுபாட்டைக் காப்பியத்தின் வினைக்கோட்பாட்டுக்கு ஒப்பாக்குவது இலக்கண நூலார் சொன்னதன்று. வாசிப்புக்கான கருவியாக மட்டும் இங்குக் கொள்ளப்படுகிறது. கால இயந்திரக் கதைகள் இறந்தகாலத்தை முற்றாகக் கருதி, அந்த முற்றினை அழித்து வேறொன்றை எழுத முயல்கின்றன. மணிமேகலை இறந்தகாலத்தை எச்சமாகக் கருதுகிறது.

3. பீடிகை தந்த அறிவும் அதன் விளைவும்

புகாரில் உறங்கிக்கொண்டிருந்த மணிமேகலையை மணிமேகலா தெய்வம் எடுத்துச் சென்று மணிபல்லவத் தீவில் வைக்கிறது. அங்குள்ள புத்த பீடிகையைக் கண்டதும் அவள் தன் முற்பிறப்பை உணர்கிறாள். முற்பிறப்பில் அவள் இலக்குமி. கணவன் இராகுலன் திட்டிவிடம் என்னும் நாகத்தால் இறந்தான். அவளும் தீயில் புகுந்தாள். அந்த இராகுலனே இப்பிறப்பில் தன்னைத் துரத்தும் சோழ இளவரசன் உதயகுமரன் என்பதைத் தெய்வம் உரைக்கிறது. உருமாறுதல், வான்வழி செல்லுதல், பசி தாங்குதல் ஆகியவற்றுக்குரிய மூன்று மந்திரங்களையும் அவள் பெறுகிறாள்.

பீடிகை காட்சி தருகிறது. எதையும் மாற்றும் ஆற்றலைத் தருவதில்லை. இலக்குமியின் கணவனை நாகம் தீண்டாதிருக்கச் செய்ய மணிமேகலையால் முடியாது. அவள் அவ்வாறு விரும்பியதாகவும் காப்பியம் கூறவில்லை. ஆயினும் பெற்ற அறிவு அவளைச் சும்மா இருக்க விடவில்லை. முற்பிறப்பில் கணவனாய் இருந்தவன் இப்பிறப்பில் தீவினையில் விழாமல் காக்க வேண்டும் என்பது அவள் நோக்கம். அவன் தன்னைத் தீண்டவும் கூடாது, தன் சொல்லைக் கேட்கவும் வேண்டும். இதற்கு அவள் கண்ட வழி காயசண்டிகையின் உருவை மேற்கொள்வது.

காயசண்டிகை யார் என்பதில்தான் முடிச்சு இருக்கிறது. முனிவன் ஒருவனுக்குரிய கனியை மிதித்துச் சிதைத்ததால் பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ என்னும் பெரும்பசிக்கு ஆளான விஞ்சையர் மகள் அவள். அமுதசுரபியின் உணவால் பசி நீங்கி ஊர் திரும்பியவள் வழியில் அழிந்துபோகிறாள். பன்னிரண்டு ஆண்டு முடிந்தும் மனைவி வாராமையால் கணவன் காஞ்சனன் அவளைத் தேடிப் புகாருக்கு வருகிறான். அவன் காண்பது என்ன? தன் மனைவியின் உருவில் ஒருத்தி தன்னைப் புறக்கணித்து, ஓர் இளவரசனிடம் நெருங்கிப் பேசிக்கொண்டிருப்பது. அவள் அப்போது அவனுக்கு முதுமையும் யாக்கை நிலையாமையும் எடுத்துரைத்துக்கொண்டிருந்தாள் என்பது காஞ்சனனுக்குத் தெரிய வழியில்லை. நள்ளிரவில் உலகவறவி புகுந்த உதயகுமரனை அவன் வாளால் எறிந்துவிடுகிறான்.

கொலை நிகழ்ந்த அம்பலத்துக்கு வந்து மணிமேகலை புலம்பும் இடம் கவனத்துக்குரியது. உன் தீவினையை நீக்க எண்ணியே இவ்வுருவை எடுத்தேன் என்னும் பொருள்பட அவள் அரற்றுகிறாள். காக்க எடுத்த உருவே கொலைக்குக் காரணமானது. இன்றைய காலப்பயணக் கதைகள் இறந்தகாலத்தில் இட்ட கையினால் நிகழ்காலத்தைக் குலைக்கின்றன. இங்கோ இறந்தகாலத்தைப் பற்றிய அறிவே நிகழ்காலத்தில் புதிய காரணமாய்ப் புகுகிறது. ருசிய இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் 1980களில் முன்வைத்த கருத்தின்படி, கடந்த காலத்துக்குச் செல்ல இயலுமாயினும் தன்னோடு தான் முரண்படாத நிகழ்ச்சிகள் மட்டுமே அங்கு நிகழும். தடுக்கச் சென்றவனின் செயலும் நடந்தவற்றுள் முன்பே அடங்கியிருக்கும். உதயகுமரன் கதை இவ்வமைப்பை நினைவூட்டினாலும் அதனுள் முழுதும் அடங்காது. அடங்காமைக்குக் காரணம் கந்திற்பாவையின் கூற்று.

தூணிலமைந்த அத்தெய்வப்பாவை மணிமேகலைக்கு மற்றொரு காரணத்தைச் சொல்கிறது. முற்பிறப்பில் இராகுலன் தவசி ஒருவனுக்கு விருந்திட்டபோது, இடறி விழுந்து உணவைச் சிதறவிட்ட மடைத்தொழிலாளனைச் சினத்தால் வெட்டிவிட்டான். அந்த வினையே வாளாக வந்தது. ஆக, ஒரு கொலைக்கு இரு காரணங்கள்: பழைய வெட்டும் புதிய உருமாற்றமும். இவற்றுள் ஒன்று உண்மை, மற்றது தோற்றம் எனக் காப்பியம் தீர்ப்பளிக்கவில்லை.

அதனினும் முதன்மையானது காஞ்சனனிடம் பாவை கூறுவது. உதயகுமரனின் உயிரை உண்டது அவனுடைய ஊழ்வினையே. ஆயினும் அறியாது நீ செய்த கொடுஞ்செயல் உன்னையும் விடாது பற்றும் என்கிறது அது. ஊழ் முன்பே எழுதிய ஒன்றைத்தான் காஞ்சனன் செய்தான் என்றால் அவன் வெறும் கருவி. கருவிக்குப் பழி இல்லை. பாவை அவ்வாறு விடுவிக்கவில்லை. 'ஊழ் முந்தியது, ஆகவே மனிதன் பொறுப்பற்றவன்' என மணிமேகலையின் வினைக்கோட்பாட்டைச் சுருக்கும் வாசிப்புகள் இந்தச் சில அடிகளைக் கடந்துதான் செல்ல வேண்டும். அவை பெரும்பாலும் பேசாமலே கடந்துவிடுகின்றன.

4. தன் என்பைத் தானே காணுதல்

காலப்பயணக் கதைகள் பயணிக்கு விதிக்கும் பொதுவான தடை, அவன் தன் முந்தைய உருவைச் சந்திக்கலாகாது என்பது. சாத்தனார் அந்தச் சந்திப்பை இருபத்தைந்தாம் காதையில் நிகழ்த்திக் காட்டுகிறார்.

அமுதசுரபியால் பசித்தோருக்கு உணவிட்டு வந்த ஆபுத்திரன், சாவகம் நோக்கிச் சென்ற கலம் மணிபல்லவத்தில் தங்கியபோது இறங்கினான். அவனை மறந்து கலம் சென்றுவிட்டது. ஆளற்ற தீவில் தன் பசியை மட்டும் தணிக்க அப்பாத்திரத்தைப் பயன்படுத்த மனமில்லாது, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாதிருந்து உயிர்விட்டான். அவனே சாவக நாட்டில் புண்ணியராசனாகப் பிறந்து அரசாள்கிறான். மணிமேகலை சொல்லக் கேட்டுத் தீவுக்கு வந்தவன் பீடிகையால் தன் முற்பிறப்பை அறிகிறான். பின்னர்ப் புன்னை நிழலில் மணலைத் தோண்டித் தன் பழைய உடலின் எலும்புக்கூட்டையே காண்கிறான். உலக இலக்கியத்தில் தன் எலும்பைத் தானே தோண்டியெடுக்கும் பாத்திரங்கள் அரியர்.

இங்கே தீவதிலகை கூறும் செய்தி காட்சியின் போக்கை மாற்றிவிடுகிறது. ஆபுத்திரனை மறந்து சென்ற வணிகர் ஒன்பதின்மர் பிழை உணர்ந்து தேடி வந்து, அவன் இறந்தமை அறிந்து தாமும் உண்ணாநோன்பிருந்து இறந்தனர்; அவர்களைச் சார்ந்திருந்தோரும் மடிந்தனர். அவர்களின் என்புகளும் அங்கேயே கிடக்கின்றன. நீ உன்னைக் கொன்றாய், உன்பொருட்டு இரங்கியவர்களையும் கொன்றாய், கொலைஞனான நீயோ இன்று அரசன் என்னும் பொருளில் அத்தெய்வம் அவனை வினவுகிறது. பிறர் பசி தீர்த்த ஆபுத்திரனின் இறப்பு அதுவரை காப்பியத்தில் தியாகமாகவே சொல்லப்பட்டு வந்தது. அதே இறப்பு, அதன் பின்விளைவோடு சேர்த்துப் பார்க்கப்படும்போது, பழிக்குரியதாகிறது. நிகழ்ச்சியில் ஓர் அணுவும் மாறவில்லை. அதன் பொருள் முழுதும் மாறிவிட்டது. அறிஞர் பலரும் இக்காதையை ஆபுத்திரன் வரலாற்றின் நிறைவாக மட்டும் கொள்வதால் இத்திருப்பம் போதிய கவனம் பெறவில்லை.

அரசைத் துறக்க எண்ணும் புண்ணியராசனை மணிமேகலை அவன் நாட்டுக்கே திரும்பச் சொல்கிறாள். இறந்தவர்களை மீட்க அவனால் ஆகாது. உயிரோடிருக்கும் குடிகளைக் காக்க ஆகும்.

5. இடவயமும் ஆசீவகரும்

வருவதை அறிந்து தப்பிய ஒரு நிகழ்ச்சியும் காப்பியத்தில் உண்டு. ஒன்பதாம் காதையில், நிலம் நடுங்கி இடவயம் என்னும் நகரும் நாக நாட்டின் நானூறு யோசனைப் பரப்பும் ஏழு நாளுக்குள் பாதலத்தில் வீழும் எனப் பிரமதருமன் அத்திபதி மன்னனுக்கு அறிவிக்கிறான். மன்னன் முரசறைந்து குடிகளோடு வெளியேறுகிறான். நகர் சொன்னவாறே அழிகிறது, மக்கள் பிழைக்கின்றனர். நிகழ்ச்சியைத் தடுக்க யாரும் முயலவில்லை. நிகழ்ச்சியின்போது எங்கிருப்பது என்பதை மட்டும் மாற்றிக்கொண்டனர். எல்லாம் முன்பே முடிவானது என்றால் இந்த முரசுக்கு வேலை இல்லை.

முழு முன்முடிவுக் கொள்கையைச் சாத்தனார் அறியாதவர் அல்லர். இருபத்தேழாம் காதையில் வஞ்சி நகரத்துச் சமயக்கணக்கருள் ஒருவனாகிய ஆசீவகவாதி அதனை எடுத்துரைக்கிறான். இன்ப துன்பங்களும் அணுக்களே; முன்னே அமைந்த ஊழே பின்னும் வந்து பொருந்தும் என்பது மற்கலியின் நூல் நெறி. மணிமேகலை அதனை முரணுடையது எனத் தள்ளி அப்பால் செல்கிறாள். ஊழின் முற்றதிகாரம் காப்பியத்தில் பிறசமயத்தார் வாயில் வைக்கப்பட்டு விலக்கப்படுகிறது என்பது இதனால் தெளிவு.

அவள் இறுதியில் ஏற்பது முப்பதாம் காதையில் அறவண அடிகள் விளக்கும் பன்னிரு சார்பு. அங்குச் சார்புகள் காலவாரியாகப் பகுக்கப்படுகின்றன. பேதைமையும் செய்கையும் இறந்தகாலம். உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம் ஆகியன நிகழ்காலம். பிணி, மூப்பு, சாவு முதலியன எதிர்காலம். பன்னிரு கண்ணிகளுள் இறந்தகாலத்துக்கு இரண்டே உரியன. மிகுதியான கண்ணிகள் நிகழ்காலத்தில் அடுக்கப்பட்டுள்ளன. ஒன்று மீள அடுத்தது மீளும் என்பது கோட்பாடாதலால், தொடரை அறுக்கக் கூடிய இடமும் பெரும்பாலும் அங்கேயே அமைகிறது. வேட்கையை விட்டவருக்குப் பற்று இல்லை. எச்சம் எந்த முற்றைக் கொண்டு முடியும் என்பது இக்கண்ணிகளில் தீர்மானமாகிறது.

6. புதுவையில் நிகழ்ந்த மறுவெழுத்து

கடந்த காலத்தை மாற்ற மற்றொரு வழி உண்டு: அதனைச் சொல்லும் நூலை மறுபடி எழுதுவது. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாபவிமோசனம்' இராமன் அடி பட்டுப் பெண்ணான அகலிகையைத் தொடர்ந்து செல்கிறது. சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் இராமன் எனக் கேள்வியுற்றதும் அவள் மீண்டும் கல்லாகிறாள். பழைய கதையின் நிகழ்ச்சிகள் எதனையும் அவர் அழிக்கவில்லை. இரு நிகழ்ச்சிகளை எதிரெதிரே நிறுத்தியதன்மூலம் முன்னதன் முடிவைத் திறந்துவிட்டார்.

புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராகப் பணியாற்றிய பாரதிதாசன் (1891–1964) மேற்கொண்டது இதனினும் துணிந்த செயல். 1962இல் வெளிவந்த 'கண்ணகி புரட்சிக் காப்பியம்', 'மணிமேகலை வெண்பா' ஆகிய இரண்டும் இரட்டைக் காப்பியங்களைப் பகுத்தறிவு நோக்கில் மீட்டெழுதுகின்றன; இயற்கை இகந்த கூறுகள் அவருக்கு உடன்பாடானவை அல்ல. அவ்வாண்டின் ஆகஸ்ட் 16ஆம் நாளில்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. நடைமுறையில் இணைந்ததோ 1954 நவம்பர் 1ஆம் நாள். நூல்களுக்கும் இணைப்புக்கும் தொடர்பு கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் மரபாக வந்த அதிகாரங்கள் பலவும் மறுவிசாரணைக்கு உள்ளான காலம் அது என்பதை மறக்கவும் வேண்டியதில்லை.

பாரதிதாசனின் எதிர்ப்புக்கு வலுவான அடிப்படை இருந்தது. ஒருவரின் இன்றைய இழிநிலைக்கு அவருடைய முற்பிறப்பே காரணம் என்னும் விளக்கம், இழிநிலையை உண்டாக்கியவர்களைக் காப்பாற்றிவிடுகிறது. சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் மதுராபதி கண்ணகியிடம் கோவலனின் முற்பிறப்பைச் சொல்கிறது. சிங்கபுரத்தில் அவன் பரதன் என்னும் பெயரோடு சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனப் பழிசுமத்திக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலியின் சாபமே இன்று விளைந்தது. இச்செய்தியைக் கேட்டபின் பாண்டியன் அவைக்களத்தின் தவறு சற்றே மங்குகிறது என வாசகர் உணர்ந்தால் அது வியப்பன்று. அந்த முற்பிறப்பை எடுத்துவிட்டால் பொற்கொல்லனும் அரசனும் தம் செயலுக்குத் தாமே விடை சொல்ல வேண்டியவர்களாகின்றனர். பாரதிதாசன் வேண்டியது அவ்விடையே.

ஆனால் நூலை மாற்றுவதற்கும் ஒரு விளைவு உண்டு. கோவலன் கதையில் முற்பிறப்பு இறுதியில் வந்து சேரும் ஒரு விளக்கம். அதனை நீக்கினாலும் கதை நிற்கும். மணிமேகலையிலோ முற்பிறப்பறிவு கதையை இயக்கும் உறுப்பு. அஃது இல்லையேல் அவள் உதயகுமரன்பால் கொள்ளும் பரிவுக்கும், உருமாற்றத்துக்கும், அதன்வழி வந்த கொலைக்கும் வேறு காரணங்கள் தேவைப்படும். புண்ணியராசன் மணலைத் தோண்ட வேண்டிய தேவையே எழாது. நீக்கப்பட்டது மூடநம்பிக்கை மட்டுமா, அல்லது அறிவுக்கும் விளைவுக்கும் இடையிலான ஒரு சிந்தனைச் சோதனையுமா என்னும் வினா இரட்டைக் காப்பியங்களுக்குத் தனித்தனியே எழுப்பப்பட வேண்டியது. மீட்டுருவாக்க ஆய்வுகள் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து வருகின்றன.

இவ்விரு காலத்துக் கவிஞரும் சந்திக்கும் இடம் காஞ்சனனின் வாள். முற்பிறப்பு என்னும் பேச்சே இல்லாத வாசிப்பில், பொறாமையால் ஆராயாது வெட்டிய காஞ்சனனே கொலைக்கு முழுப்பொறுப்பாளி. முற்பிறப்பை முழுதும் ஏற்ற சாத்தனாரின் பாவையும் அவனிடம் வேறெதையும் சொல்லவில்லை.